ஐந்நூறு குண்டும் ஒரு டேட்டமும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்பது வருஷம் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் உட்கார்ந்தவன் நான். புஷ், பின், வால்வு என்று கைக்கு வந்ததையெல்லாம் அளந்து, கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி, லைனில் இருந்தவர்களிடம் திட்டு வாங்கியே வயது போனது. இப்போது அமெரிக்காவில், மிச்சிகனில், அதே வேலை. குளிரும் வீட்டுக் கடனும்தான் கூடுதல். கிரீன் கார்டு வந்த வருஷம் ஆபீஸ் நண்பர் ஒருவர் சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப் போனார். சும்மா பார்க்கத்தான் போனேன். ஆறு மாதத்தில் சொந்த ரைஃபிள், ஒரு வருஷத்தில் கராஜில் பாதி இடம் ரீலோடிங் மேஜைக்குப் போய்விட்டது, கார் வெளியே பனியில் நிற்கிறது. வீட்டில் இதைப் பற்றி நடந்த பேச்சுவார்த்தையை எழுதப் போவதில்லை.

முதலில் ஒரு விஷயம். தோட்டாவையும் குண்டையும் ஊரில் ஒன்றாகவே பேசுவோம், இங்கே பிரித்துச் சொல்லியாக வேண்டும். தோட்டா என்பது முழுசு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி கிளப்பும் ப்ரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. குண்டு என்பது பேரலை விட்டுப் பறந்து போகும் அந்த முன்பாகம் மட்டும். போட்டிக்குச் சுடுகிறவர்களில் பெரும்பாலோர் கடையில் முழுத் தோட்டா வாங்குவதில்லை. நான்கையும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே பூட்டுவார்கள், அதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு இது சாதாரண விஷயம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம், அதனால் இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் மேஜை போட்டு உட்கார வேண்டாம்.

நான் சுடுவது எஃப்-கிளாஸ். ஜார்ஜ் ஃபார்கர்சன் என்ற கனடாக்காரர் தொடங்கி வைத்தது, அவர் பெயரின் முதலெழுத்துதான் அந்த எஃப். தரையில் படுத்து, ரைஃபிளை முன்னால் ஒரு தாங்கியிலும் பின்னால் ஒரு மணல் பையிலும் வைத்து, டெலஸ்கோப் வழியாகக் குறி பார்த்துச் சுடுவது. அதில் எஃப்-டிஆர் என்ற பிரிவில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் என்று இரண்டே தோட்டா வகைக்குத்தான் அனுமதி, டெலஸ்கோப்பும் முன்தாங்கிக் கால்களும் சேர்த்து ரைஃபிள் எடை 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது. என்னுடையது .308. எங்கள் கிளப்பில் 600 கெஜம், அதாவது 549 மீட்டர். அந்தத் தூரத்தில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 6 அங்குலம், அதற்குள் ‘எக்ஸ்’ என்ற சின்ன வட்டம் 3 அங்குலம். சின்ன தோசை அகலத்துக்குள் போட்டால் பத்து, டீ கிளாஸ் வாய் அகலத்துக்குள் போட்டால் எக்ஸ். இருபது இருபதாக மூன்று ஆட்டம், மொத்தம் 60 சூடு, 600 மதிப்பெண்.

இந்த விளையாட்டுக்குள் வந்த யாரும் சீக்கிரமே ஒரு நோயில் விழுவார்கள். தன் தப்பை விட்டுவிட்டுக் குண்டைச் சந்தேகிக்கும் நோய். ஒன்பது விழுந்தால் குண்டு சரியில்லை. எட்டு விழுந்தால் குண்டு சத்தியமாகச் சரியில்லை. அளவெடுக்கவே பிறந்த ஜாதி நான், எனக்கு இந்த நோய் மற்றவர்களைவிட நாலு மடங்கு.

குண்டு செய்யும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் எங்கெங்கே வித்தியாசம் வரும் என்று புரியும். தாமிரக் கலவைத் தகட்டை ஒரு சின்னக் கிண்ணமாக அடித்து, இழுத்து, குழல் ஆக்குகிறார்கள். அதற்குள் ஈயத் துண்டைப் போட்டு அழுத்துகிறார்கள். கடைசியில் ஒரு டைக்குள், அதாவது அச்சுக்குள், செலுத்தி மூக்கைக் கூராக்குகிறார்கள். மூக்குக்குத் தமிழில் வேறு நல்ல பெயர் கிடைக்கவில்லை; அந்த வளைவை ஓஜைவ் என்பார்கள். டைக்குள் மாட்டிக்கொண்ட குண்டை மூக்கு நுனி வழியாக ஒரு பின் தள்ளி வெளியே எடுக்கும். அதனால்தான் போட்டிக் குண்டுகளின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை, அதன் விளிம்பு பூச்சி கடித்த இலை மாதிரி கோணலாக இருக்கும். ஒரே மாதிரி குண்டைப் பல மெஷினில், பல டையில் செய்வார்கள். டை தேயும், மாற்றுவார்கள். பட்டறையில் நின்றவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், இரண்டு டையிலிருந்து வந்த பாகம் அச்சாக ஒன்றுபோல் இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

நான் முதலில் செய்தது எடை. எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் தராசு இருக்கிறது, எண் வருகிறது, பிரித்து வைக்கலாம், மனசுக்கு நிம்மதி. என் குண்டு 185 கிரெய்ன், ஏறக்குறைய 12 கிராம். 100 குண்டை நிறுத்தேன். பெரும்பாலானவை 0.3 கிரெய்ன் இடைவெளிக்குள் அடங்கின. அதை 0.1 கிரெய்ன் வீதம் மூன்று டப்பாவாகப் பிரித்து லேபிள் ஒட்டி அடுக்கியபோது வந்த பெருமிதம் இருக்கிறதே! அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் காகிதத்தில் கணக்குப் போட்டேன். 0.3 என்பது 185-இல் 0.16 சதவீதம். எடை குறைந்தால் வேகம் கூடும், ஆனால் பாதி விகிதத்தில்தான், ஆக விநாடிக்கு 2650 அடி வேகத்தில் சுமார் 2 அடி வித்தியாசம். 600 கெஜத்தில் அது கால் அங்குலம்கூட வராது. என் தோட்டாக்கள் எப்படிச் செய்தாலும் வேகத்தில் அவற்றுக்குள் அதைப் போல் மூன்று நாலு மடங்கு வித்தியாசம் இருக்கிறது. மூன்று டப்பா லேபிளையும் அன்றே கிழித்தேன்.

எடை போட்டதில் ஒரே பயன், தப்பிப் பிறந்தவை மாட்டும். ஒரு பெட்டியில் ஒரு குண்டு 1.4 கிரெய்ன் குறைவாக இருந்தது. உள்ளே ஈயம் குறைவோ, ஜாக்கெட் மெல்லியதோ, அறுத்துப் பார்க்கவில்லை. அதை எடுத்து ஓரமாக வைத்தால் போதும். தராசு பற்றி ஒரு வரி: மலிவான எலக்ட்ரானிக் தராசை ஆன் செய்த உடனே நம்பாதீர்கள், அரை மணி நேரம் சூடாகட்டும், ஹீட்டர் காற்று அதன் மேல் படாமல் இருக்கட்டும், பத்து குண்டுக்கு ஒரு தடவை சோதனைக் கல்லை வைத்துப் பாருங்கள். நான் முதல் நாள் பிரித்த ‘கனமான’ டப்பாவில் பாதி, தராசு நகர்ந்ததால் கனமானவை.

அடுத்தது நீளம். குண்டின் மொத்த நீளத்தை அளப்பதில் அர்த்தம் குறைவு, அந்தக் கோணல் நுனியே பத்து தவ் வரை ஏமாற்றும். (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, நம் தலைமுடி தடிமன் மூன்று தவ் இருக்கலாம். அம்பத்தூரில் மைக்ரானுக்கு மாறி எத்தனையோ வருஷம், இங்கே வந்தபிறகு மறுபடி தவ்.) அதனால் கம்பேரேட்டர் என்று ஒரு வளையம் விற்கிறார்கள். வெர்னியர் தாடையில் அதை மாட்டிக் குண்டின் மூக்கைச் செருகினால், வளைவில் குறிப்பிட்ட விட்டம் வரும் இடத்தில் வளையம் உட்காரும், அங்கிருந்து குண்டின் அடிவரை நீளம் தெரியும். இதை வைத்துத்தான் உலகமே பிரிக்கிறது. நானும் பிரித்தேன். ஒரு தவ்-க்கு ஒரு டப்பா.

மூன்றாவது நாள் ஒரு சந்தேகம் வந்து, நேற்று ‘1’ என்று பிரித்த டப்பாவை மறுபடி அளந்தேன். பாதிக்கு மேல் ‘2’-க்கும் ‘0’-வுக்கும் ஓடிவிட்டன.

வெட்கமாக இருந்தது. பொழைப்பே இதுதான், ஒரு புது கேஜ் வந்தால் முதலில் கேஜை அளக்காமல் பாகத்தை அளக்க விடமாட்டேன், வீட்டுக்கு வந்ததும் அதைச் சௌகரியமாக மறந்திருக்கிறேன். டிஜிட்டல் வெர்னியர் அரை தவ் காட்டும், ஆனால் அதன் துல்லியம் கூட்டி-குறைத்து ஒரு தவ் என்று கூட வந்த காகிதத்திலேயே போட்டிருக்கிறது. சரி என்று பத்து குண்டை எடுத்து, அடியில் மார்க்கரால் எண் போட்டு, குலுக்கி, எண்ணைப் பார்க்காமல் மூன்று சுற்று அளந்தேன். குண்டுக்குக் குண்டு உண்மையான வித்தியாசம் சுமார் 4 தவ். ஒரே குண்டை நானே திரும்ப அளக்கும்போது வந்த வித்தியாசம் இரண்டரை தவ். நான் இத்தனை நாள் பிரித்ததில் பெரும்பகுதி என் கட்டைவிரல் அழுத்தத்தைத்தான்.

இந்தப் பத்துக்கு மூன்று சோதனையைச் செய்யாமல் யாரும் ஒரு குண்டைக்கூடப் பிரிக்காதீர்கள். அரை மணி நேர வேலை. உங்கள் கை ஆட்டம் குண்டின் வித்தியாசத்தில் பாதி என்றால் ஒரு தவ் டப்பாவெல்லாம் வேஷம்தான்.

வெர்னியரை வைத்துவிட்டு டயல் கேஜ் ஸ்டாண்டுக்கு மாறினேன். குண்டை வளையத்தில் வைத்தால் மேலிருந்து பிளஞ்சர் எப்போதும் ஒரே பாரத்தில் வந்து உட்காரும், என் கைக்கு அதில் வேலை இல்லை. திரும்ப அளந்தால் அரை தவ்-க்குள் நின்றது. அப்பாடா என்று உட்கார்ந்தால் அடுத்த பிரச்சினை குளிர். ஜனவரியில் கராஜ் ஐந்து டிகிரியில் இருக்கும், ஹீட்டர் போட்டு இருபது ஆகும்வரை என் அலுமினிய ஸ்டாண்ட் நீண்டுகொண்டே போகும். குண்டு கூட நீளும்தான், ஆனால் ஒன்றரை அங்குலத்துக் குண்டு எவ்வளவு நீளும், அரை அடி ஸ்டாண்ட் எவ்வளவு நீளும்? ஒரு சாயங்காலத்தில் ரீடிங் ஒன்றரை தவ் நகர்ந்தது. இப்போது ஒரு குண்டைத் தேர்ந்தெடுத்து நெயில் பாலிஷ் வைத்திருக்கிறேன் (மனைவியுடையது, கேட்டுத்தான் எடுத்தேன்), அதுதான் மாஸ்டர். 25 குண்டுக்கு ஒரு தடவை அதை வைத்து டயலைப் பூஜ்யம் பண்ணுவேன். ரீடிங்கின் உண்மையான எண் முக்கியமே இல்லை. இன்னொருவர் வளையத்தின் ஓட்டை வேறு, அவர் எண் வேறு. அவர் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டு யாரும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தச் சமயத்தில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். கராஜ் கதவருகே நாற்காலி போட்டு, காபியோடு, நான் ஒவ்வொன்றாக வைத்து எடுப்பதைக் கால்மணி நேரம் பார்த்தாள். “ஏன்டா, உளுந்துல கல்லைப் பொறுக்குவாங்க, சரி. உளுந்தை உளுந்தோட அளந்தா பார்ப்பாங்க?” என்றாள். நான் சிரித்துவிட்டு அளப்பதைத் தொடர்ந்தேன். அப்போது என்னிடம் அளக்க இன்னும் 340 இருந்தது.

ஏன் இவ்வளவு என்றால், 2020-க்குப் பிறகு இரண்டு வருஷம் இங்கே குண்டு, ப்ரைமர், மருந்து எதுவுமே கடையில் சரியாகக் கிடைக்கவில்லை. கிடைத்தபோது கிடைத்ததை வாங்கினோம். எனக்கு ஒரே கம்பெனியின் ஐந்து பெட்டி, ஒவ்வொன்றிலும் நூறு, வேறு வேறு லாட் எண்ணில் (ஒரே தடவையில் செய்த கூட்டம் ஒரு லாட்) வந்தது. ஐந்நூறையும் அளந்து, காகிதத்தில் கோடு கோடாக இழுத்தேன். வழக்கமாக நடுவில் ஒரு மேடு வர வேண்டும். எனக்கு வந்தது ஒட்டக முதுகு: இரண்டு மேடு, நடுவில் பள்ளம், உச்சிக்கு உச்சி மூன்றரை தவ். இரண்டு டை, அல்லது ஒரே டை இரண்டு காலத்தில். இதில் வேடிக்கை, ஒரு பெட்டிக்குள்ளேயே இரண்டு மேடும் கலந்திருந்தது. தயாரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் சொன்ன அளவுக்குள்தான் எல்லாம் இருந்தது. ஆனால் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. இரண்டு மேட்டையும் தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தவ் வாரியாக உடைத்து, ஒரே டப்பாவிலிருந்து 20 எடுத்து ஜம்மென்று 20 தோட்டா பூட்டினேன்.

பூட்டிய தோட்டாவை அளந்தேன். தோட்டாவின் அடியிலிருந்து குண்டின் ஓஜைவ் வரை. பேரலுக்குள் ரைஃபிளிங், அதாவது குண்டைச் சுழற்றிவிடும் சுருள் வரிகள், தொடங்குமிடத்தை எட்ட குண்டு எவ்வளவு தூரம் தாண்டிக் குதிக்க வேண்டும் என்பதை அந்த அளவுதான் தீர்மானிக்கிறது, அந்தத் தாண்டல் தோட்டாவுக்குத் தோட்டா மாறினால் குறி பரவும். நான் இத்தனை பிரித்ததும் அதற்காகத்தான். பரவல் 4 தவ்.

பிரிக்காத குண்டில் 20 பூட்டினேன். அதிலும் 4 தவ்.

அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை, மிகையாகச் சொல்லவில்லை. மறுநாள் கார் ஓட்டும்போது பொறி தட்டியது, தட்டியதும் சிரித்துவிட்டேன். டேட்டம்! பட்டறையில் புதிதாகச் சேர்கிற பையனுக்கு முதல் வாரம் சொல்லிக் கொடுக்கிற பாடம்: பாகத்தை மெஷின் எங்கே பிடிக்கிறதோ அங்கிருந்து அள. நான் குண்டின் அடியிலிருந்து அளந்தேன். ஆனால் குண்டைக் கூட்டுக்குள் தள்ளும் டை அடியைத் தொடுவதே இல்லை. அதற்குள் இருக்கும் ஸ்டெம் என்ற குழிந்த தண்டு, குண்டின் மூக்கில், நுனிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு வட்டத்தில் உட்கார்ந்து தள்ளுகிறது. ரைஃபிளிங் தொடுவது அதற்கும் கீழே, வளைவு அகலமாகும் இன்னொரு வட்டத்தில். தாண்டல் மாறாமல் இருக்க வேண்டுமானால், இந்த இரண்டு வட்டத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் குண்டுக்குக் குண்டு மாறாமல் இருக்க வேண்டும். அடி எங்கே இருந்தால் என்ன? அடி நீளமாக இருந்தால் அது கூட்டுக்குள் மருந்துப் பக்கம் கொஞ்சம் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதற்கும் ஒரு பாதிப்பு உண்டு, ஆனால் நான் துரத்தியது அதை அல்ல.

இரண்டு இடத்தையும் சேர்த்து அளக்கும் கருவிகள் கடையில் இருக்கின்றன, புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா. என் டையின் ஸ்டெம்மையே கழற்றினேன், உபரியாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதை டயல் கேஜின் பிளஞ்சரில் மாட்ட ஒரு சின்ன அடாப்டரை லேத்தில் திருப்பிக் கொடுத்தார் வேலை செய்யுமிடத்து நண்பர். குண்டின் மூக்கைக் கீழ்நோக்கி வளையத்தில் இறக்க வேண்டும், கீழிருந்து ஸ்டெம் எழும்பி வந்து மூக்கைத் தொடும், டயல் காட்டுவது நேராக அந்த இரண்டு வட்டத்துக்கு இடைப்பட்ட தூரம். ஐந்நூறில் மிச்சமிருந்ததை மறுபடி அளந்தேன். ஒட்டகம் காணோம்! அந்த இரண்டு மேடு அடிப்பக்கத்து வித்தியாசம் மட்டும்தான் போலிருக்கிறது. மூக்கு வித்தியாசம் வேறு கதை, அதில் ஒரே மேடு, அகலம் சுமார் 4 தவ். அந்த அளவை வைத்துப் பிரித்த 20-ஐப் பூட்டினால் பரவல் ஒன்றரை தவ்-க்கு இறங்கியது. மிச்சம் கூட்டின் கழுத்து இறுக்கம், தள்ளும் வேகம் போன்ற சில்லறைகள்.

இதோடு தொடர்புள்ள ஒரு சோதனை, காசு செலவில்லாதது. குண்டின் மூக்கு முழுவதையும் கறுப்பு மார்க்கரால் பூசி, ஒன்றைப் பூட்டி, வெளியே எடுத்துப் பாருங்கள். ஸ்டெம் உட்கார்ந்த இடத்தில் மெல்லிய வளையம் தெரியும். வளையம் இல்லாமல் நுனி மட்டும் பளபளத்தால் குண்டின் நுனி ஸ்டெம் குழியின் அடியில் முட்டுகிறது என்று அர்த்தம். அப்படியானால் அந்தக் கோணல் நுனியைப் பிடித்துத்தான் டை தள்ளுகிறது, நீங்கள் தலைகீழாக நின்று பிரித்தாலும் பிரயோஜனம் இல்லை. நீண்ட மெல்லிய மூக்குள்ள குண்டுக்கு அதற்கேற்ற ஸ்டெம் தனியாகக் கிடைக்கும், முதலில் அதை வாங்குங்கள்.

நுனியைச் சீவி, பிறகு கூராக்கி விடும் கருவிகளும் உண்டு. ஒரு குளிர்காலம் அதிலும் விழுந்தேன். சீவினால் நுனிகள் சமமாகும், ஆனால் நுனி மழுங்குவதால் காற்றைக் கிழிக்கும் திறன் குறையும், அதைத் திரும்பப் பெறக் கூராக்க வேண்டும், கூராக்கும்போது அழுத்தம் ஒரு பொட்டு அதிகமானால் நுனிக்குக் கீழே வயிறு தள்ளும். 1000 கெஜத்தில் சுடுகிறவர்கள் சத்தியம் செய்கிறார்கள், நம்புகிறேன். 600-இல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

சரி, முக்கியமான கேள்வி. ஒன்றரை தவ்-க்கு இறக்கிய பிறகு டார்கெட்டில் என்ன நடந்தது? நானே பிரித்து நானே பூட்டி நானே சுட்டால், பிரித்ததுதான் நன்றாக வரும், மனசு அப்படி. அதனால் பிரித்த 20, பிரிக்காத 20 என்று இரண்டு டப்பாவை மனைவியிடம் கொடுத்து, நான் பார்க்காமல் ஏ, பி என்று எழுதித் தரச் சொன்னேன். இரண்டு சனிக்கிழமை, மொத்தம் 80 சூடு. மேல்-கீழ் பரவலை மட்டும் எடுத்துக்கொண்டேன், இடம்-வலம் காற்றின் கணக்கு. பிரித்தவை முதல் நாள் 3.6 அங்குலம், இரண்டாம் நாள் 4.0. பிரிக்காதவை 4.3, 3.9. இதிலிருந்து ஏதாவது சொல்ல முடியும் என்று யாராவது சொன்னால் அவர் ஏதோ விற்கிறார். வித்தியாசம் இருக்கலாம், இருந்தால் அதைக் காட்ட 80 சூடு போதாது, அதைக் காட்டும் அளவுக்குச் சுட்டால் பேரலே தேய்ந்துவிடும். ஐந்து சூடு சுட்டுவிட்டு ‘பிரித்தேன், பாதியாகிவிட்டது’ என்று படம் காட்டுகிறவர்களை இனி நம்ப மாட்டேன், ஐந்து சூடு என்பது சீட்டுக் குலுக்கல்.

அதற்குப் பிறகுதான் பழைய ஸ்கோர் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு சூடும் எங்கே விழுந்தது என்று அச்சடித்த வட்டத்தில் புள்ளி வைத்துக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். அந்த சீசனில் ஆறு போட்டி, 360 சூடு, பத்துக்கு வெளியே போனது 58. அதில் 47 இடமோ வலமோ. மேலோ கீழோ போனது வெறும் பதினொன்று. அதிலும் இரண்டு மூன்று நான் டிரிகரை இழுத்த லட்சணம் என்று எனக்கே தெரியும். மணிக்கு ஒரு மைல் குறுக்குக் காற்று என் குண்டை 600 கெஜத்தில் இரண்டரை அங்குலத்துக்கு மேல் தள்ளுகிறது. பத்து வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு மூன்று அங்குலம்தான். ஒரு மைல் என்பது கன்னத்தில்கூட உறைக்காத காற்று. நான் குளிர்காலம் பூராவும் கராஜில் துரத்தியது அந்தப் பதினொன்றில் ஒரு பங்கை. 47-ஐப் பற்றி ஒரு சாயங்காலம்கூட யோசிக்கவில்லை. இப்போது போட்டி இல்லாத சனிக்கிழமைகளில் டெலஸ்கோப்பில் காற்று போகும் பக்கத்தைக் காட்டும் கானலை மட்டும் பார்த்துக்கொண்டு, கொடி அசைவதை எழுதிக்கொண்டு, இருபது சூடு சுட்டுவிட்டு வந்துவிடுகிறேன். டார்கெட்டை ஏற்றி இறக்கும் குழியில் வேலை வந்தாலும் தலைக்கு மேல் கொடியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பிரிப்பதையே விட்டுவிட்டேனா? இல்லை. அம்மா சொன்னபடி கல் பொறுக்குகிறேன். ஸ்டெம் வைத்த அந்த ஒரே ஸ்டாண்டில் ஒரு தடவை, நூறு குண்டுக்கு இருபது நிமிஷம், கூட்டத்தை விட்டு வெளியே நிற்பவற்றை மட்டும் எடுத்துவிடுவேன், நூற்றுக்கு ஐந்தாறு தேறும். நடுவில் இருப்பதை நீளம், சராசரி, குட்டை என்று மூன்றே பாகம். எடை பார்ப்பதில்லை, அந்த 1.4 கிரெய்ன் குண்டு மாதிரி ஒன்று தப்பி வந்தால் வரட்டும், அதற்காக ஐந்நூறை நிறுக்க மாட்டேன். அடியிலிருந்து ஓஜைவ் அளவைப் புது லாட் வந்தால் மட்டும், பத்து குண்டில், பழைய லாட்டோடு ஒப்பிட எடுக்கிறேன். லாட் மாறினால் டையை மறுபடி செட் பண்ண வேண்டும், பழைய செட்டிங்கில் அப்படியே பூட்டினால் தாண்டல் மாறிவிடும். முடிந்தால் ஒரே லாட்டில் மொத்தமாக வாங்குங்கள். பிரிக்கும் வேலையில் பாதி அதோடு போய்விடும்.

கழித்த குண்டுகளில் ஒரு பாடம் படித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வீணாக்க மனசில்லாமல், போட்டியில் கணக்கில் சேராத முதல் சூடுகளுக்கு, குறியைச் சரிபார்க்கச் சுடுவோமே அதற்கு, அவற்றை வைத்துக்கொண்டேன். சிக்கனம்! இரண்டு சூடும் கீழே விழுந்தன, நான் டெலஸ்கோப்பை மேலே திருப்பினேன், கணக்கில் சேரும் முதல் சூடு நல்ல குண்டோடு ஒன்பதின் மேல் விளிம்பில் போய் உட்கார்ந்தது. குறியைச் சரிபார்க்கத்தான் இருப்பதிலேயே நல்ல குண்டு வேண்டும் என்பது சுட்ட பிறகு உதிக்கிறது. இப்போது கழிவெல்லாம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், 100 கெஜத்தில் படுக்கும் முறையைப் பழகவும் துடைத்த பேரலை அழுக்காக்கவும் மட்டும்.

ஊரில், கோயம்புத்தூரில், அண்ணன் மகள் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். அவளுக்குப் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. போன வாரம் வீடியோ காலில் “சித்தப்பா, பெல்லட்டை எல்லாம் எடை போடணுமா?” என்றாள். வேண்டாம்மா என்றேன். ஈயப் பெல்லட்டின் பின்பாவாடை மெல்லியது, டப்பா குலுங்கினாலே நசுங்கும். வெளிச்சத்தில் பிடித்து நசுங்கினதை மட்டும் பொறுக்கு, 4.49, 4.50 என்று தலை அளவு வாரியாக இரண்டு மூன்று டப்பா வாங்கி, கோச்சிடம் சொல்லி ரைஃபிளை இடுக்கியில் இறுக்கி ஒவ்வொன்றிலும் சுட்டுப் பார்த்து, உன் பேரலுக்குப் பிடித்த பேட்சில் மொத்தமாக வாங்கு என்றேன். கையைக் கழுவாமல் மிக்சர் சாப்பிடாதே என்றும் சொன்னேன், ஈயம். அதற்கு மட்டும் “ம்ம்” என்றாள்.

நேற்று புதுப் பெட்டிகள் வந்தன, நாலும் ஒரே லாட். வெளியே மைனஸ் எட்டு டிகிரி, வாசலில் எவ்வளவு நேரம் கிடந்ததோ தெரியாது, அட்டையைத் தொட்டால் ஐஸ். கராஜில் மேஜை மேல் வைத்திருக்கிறேன், பக்கத்தில் நெயில் பாலிஷ் வைத்த மாஸ்டர். நாளைக் காலை வரை திறக்கப் போவதில்லை.